ஓவியத்தில் தொலைத்தோற்றமும் காண்பான் நிலையும்

ஓவியம் எழுதப்பெறும் சுவருக்கும் பலகைக்கும் துணிக்கும் நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. ஆயினும், கைதேர்ந்த ஓவியன் எழுதிய மண்டபம் ஒன்றைக் காணுங்கால், தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உட்செல்வனவாகவும், தரை நெடுந்தூரம் பரந்து கிடப்பதாகவும் தோன்றுகின்றன. இத் தோற்றத்தை விளைவிக்கும் முறைகளுள் கணிதத் திட்பம் மிக்கது நேர்கோட்டு முறையாகும். தொலைவில் உள்ளவை கண்ணுக்குத் தோன்றும் நெறியைக் குறித்தலின், இதனை ஈண்டுத் தொலைத்தோற்றம் எனச் சுட்டுவோம். 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் வரையறை பெற்ற இம்முறை, அதன்பின் ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஐரோப்பிய ஓவியத்தில் தலைமை பெற்றிருந்தது.

இதனைப் பற்றி இருவேறு கொள்கைகள் உள. கண் காணுமாறே இம்முறை காட்டுகின்றது. ஆதலின் இதனைக் கையாளாத ஓவியம் குறையுடைத்து என்பது ஒரு கொள்கை. இஃது ஒரு காலத்தார் தமக்கென வகுத்துக்கொண்ட மரபே. பழக்கத்தால் உண்மைபோல் தோன்றுகின்றது என்பது மற்றொரு கொள்கை. செருமானிய அறிஞர் எர்வின் பனோவ்சுக்கி 1927இல் வெளியிட்ட ஆராய்ச்சி இரண்டாம் கொள்கைக்கு வழிதிறந்தது. நெல்சன் குட்மன் 1968இல் அதனை வன்மையாக நிலைநாட்ட முயன்றார். எர்ன்சுட்டு கோம்பிரிச்சு 1960இல் வெளியிட்ட தம் நூலில், தொலைத்தோற்றம் வெறும் மரபன்று என வாதிட்டார். இவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பது பிறநாட்டுக் கலைகளை மதிப்பிடுவார் அனைவர்க்கும் இன்றியமையாத வினா. அதனைத் துணிதற்கு, ஓவியத்தை மட்டும் நோக்கினாற் போதாது. அதனைக் காண்பான் எங்கு நிற்கின்றான் என்பதனையும் நோக்குதல் வேண்டும்.

முறையின் இயல்பு

காண்பான் ஒருவனது கண் தரையினின்று 5 அடி உயரத்தில் உள்ளது எனக் கொள்வோம். அவன் கண்ணுக்கு 2 அடி முன்னர்க் கண்ணாடித் தகடு ஒன்று செங்குத்தாக நிறுத்தப்பட்டுள்ளது. அதற்கு அப்பால், பக்கத்திற்கு 10 அடியான சதுரக் கட்டங்கள் அமைந்த சமதரை உள்ளது. தரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியினின்றும் கண்ணை நோக்கி வரும் கதிர் தகட்டை வெட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டே சென்றால், அக்குறிகளின் தொகுதியே தொலைத்தோற்ற ஓவியமாகும்.

வடிவொத்த முக்கோணங்களின் இயல்பால், தகட்டிற் பெறும் அளவு பொருளின் தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். 10 அடித் தொலைவில் உள்ள கட்டத்தின் விளிம்பு தகட்டில் 24 அங்குல அகலம் பெறும். 20 அடியில் 12 அங்குலமும், 30 அடியில் 8 அங்குலமும், 40 அடியில் 6 அங்குலமும் பெறும். அவ்விளிம்புகள் கண்மட்டத்தினின்று முறையே 12, 6, 4, 3 அங்குலம் தாழ்ந்து நிற்கும். எங்கும் அகலம் தாழ்வின் இருமடங்காக இருத்தல் காண்க. ஆதலின் கட்டங்களின் பக்கக் கோடுகள் தகட்டிலும் நேர்கோடுகளாகவே சென்று, அகலமும் தாழ்வும் ஒருங்கே சுழியாகும் ஒரு புள்ளியிற் கூடும். அப்புள்ளியே மறைபுள்ளி எனப்படுவது. அது காண்பானது கண்ணுக்கு நேர் எதிரே, கண்மட்டத்திலேயே அமையும்.

இதனால் ஓர் உண்மை பெறப்படும். கண்ணின் உயரத்தை 2½ அடியாகக் குறைப்பின் தாழ்வுகள் அனைத்தும் பாதியாகும். தகட்டின் தொலைவை மாற்றின் அளவுகள் அனைத்தும் மாறும். எனவே, இம்முறையால் எழுதிய ஓவியத்தில் பொருள்களின் வடிவோடு, காண்பானது கண்ணின் இடமும் வரையப்பெற்றுள்ளது எனலாம்.

புருனெல்லெசுக்கியின் பலகை

புளோரன்சுப் பெருங்கோயிலின் குவிமாடத்தை அமைத்த பிலிப்போ புருனெல்லெசுக்கி (1377–1446) இவ்வுண்மையைச் செய்து காட்டினார். அவரது வரலாற்றை எழுதிய அந்தோனியோ மனெத்தி அச்செய்தியை விரித்துரைக்கின்றார். புருனெல்லெசுக்கி பெருங்கோயில் வாயிலின் சிறிது உட்புறத்தே நின்று, எதிரேயுள்ள எண்கோண ஞானமுழுக்குக் கோயிலை ஏறக்குறைய ஓரடிச் சதுரப் பலகையில் எழுதினார். வானம் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டாது, மெருகிட்ட வெள்ளியைப் பதித்தார். மெய்யான வானமும் காற்றில் அசையும் முகில்களும் அதில் எதிரொளித்தன. பின்னர்ப் பலகையில் துளையொன்று செய்தார். காண்பான் பலகையின் பின்புறத்தே கண்ணை வைத்துத் துளை வழியே நோக்கவேண்டும். மற்றொரு கையில் ஏந்திய ஆடியில் ஓவியத்தின் எதிருருவைக் காணவேண்டும். அவ்வாறு கண்டார்க்கு மெய்யான கோயிலையே காண்பதாகத் தோன்றியது என்பர். அப்பலகையைத் தாமே கையில் ஏந்திக் கண்டதாகவும் மனெத்தி குறிக்கின்றார். பலகை இன்று இல்லை.

இச்செய்கையின் நுட்பம் துளையில் உள்ளது. நாம் இரு கண்களாற் காண்கின்றோம், தலையையும் அசைக்கின்றோம். இரு கண்களும் பெறும் உருவங்கள் சிறிது வேறுபடுதலாலும், தலையசைவால் அண்மையிலுள்ளவை சேய்மையிலுள்ளவற்றினும் மிகுதியாக இடம்பெயர்தலாலும், மெய்யான ஆழத்தை அறிகின்றோம். ஓவியத்தில் இவை நிகழா. ஆதலின் அது தட்டையானது என்பது உடனே புலனாகிவிடும். துளையோ ஒரு கண்ணை மூடச் செய்தது. மற்றொன்றை ஓரிடத்தில் நிறுத்தியது. பலகையின் விளிம்பையும் மறைத்தது. சுருங்கக் கூறின், தளம் தட்டையானது என்று அறிவிக்கும் சான்றுகளை நீக்கிய பின்னரே ஓவியம் மெய்போல் ஆயிற்று.

ஆல்பர்ட்டி வகுத்த விதி

புருனெல்லெசுக்கி செயலிற் காட்டியதை ஓவியர் கற்றற்குரிய விதியாக்கியவர் இலியோன் பத்திசுத்தா ஆல்பர்ட்டி (1404–1472). அவர் 1435இல் ஓவியம் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் செய்தார். ஓவியத்தின் சட்டத்தைத் திறந்த பலகணியாகக் கருதுமாறு அவர் கூறுவது பெரிதும் அறியப்பட்ட செய்தி. ஓவியத்துள் நிற்கும் மனிதனது உயரத்திற்கு மேற்படாத இடத்தில் நடுப்புள்ளியை வைத்தல் நன்று என்பதும் அவர் விதியே. அவ்வாறு வைப்பின், காண்பானும் ஓவிய மாந்தரும் ஒரே தரையில் நிற்பதுபோல் தோன்றும்.

தரைக்கோடுகளின் இடைவெளியை ஒவ்வொன்றும் முன்னதன் மூன்றில் இரு பங்காகக் குறைத்துச் செல்லும் ஓவியரை ஆல்பர்ட்டி மறுக்கின்றார். முற்கூறிய எடுத்துக்காட்டில் இடைவெளிகள் 6, 2, 1 அங்குலம் ஆகும். அம் முறைப்படியோ 6, 4, 2⅔ ஆகிவிடும். தரைக்கோடுகளை ஒரு புள்ளியிற் கூட்டுதல் அவருக்கு முன்னரே ஓவியர் சிலர்க்குத் தெரியும். அம்புரோசியோ இலோரென்செத்தி 1344இல் சீயனா நகரில் எழுதிய ஓவியத்தில் தரைக்கோடுகள் ஒரே புள்ளியை நோக்குகின்றன. குறுக்குக் கோடுகளின் இடைவெளியைக் கண்ணின் தொலைவைக் கொண்டு கணித்தலே ஆல்பர்ட்டி வகுத்துக் கூறிய விதி. கட்டங்களின் மூலைவிட்டங்கள் ஒரே நேர்கோட்டில் அமைகின்றனவா என்று நோக்கிப் பிழை காணுமாறும் அவர் கற்பித்தார்.

மூன்று ஓவியங்கள்

ஆல்பர்ட்டியின் நூலில் துளையும் ஆடியும் இல்லை. காண்பான் இரு கண்களாலும் நோக்கலாம், நடக்கலாம். அங்ஙனமாயின் ஆழத் தோற்றம் நிலைபெறுமா? இவ்வினாவிற்கு மூன்று சுவரோவியங்கள் விடை தருகின்றன.

புளோரன்சு நகரச் சாந்தா மரியா நொவெல்லாக் கோயிலில் மசாச்சியோ (1401–1428) தம் இறுதி ஆண்டுகளில் எழுதிய திரித்துவ ஓவியம் ஒன்று. சிலுவைக்குப் பின்னால் அரைவட்டக் கூரையுடைய அறையொன்று உட்செல்கின்றது. மறைபுள்ளி சிலுவையின் அடிப்பகுதியில், கோயிலில் நிற்பவனது கண்மட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது. ஆதலின் கூரையின் உட்புறத்தைக் கீழிருந்து காண்கின்றோம். சுவரைத் துளைத்து அறை அமைத்தாற் போன்ற தோற்றம் உண்டாகின்றது.

இலியனார்தோ தா வின்சி மிலான் நகரத் துறவியர் உணவுக் கூடத்தில் 1495 முதல் 1498 வரை எழுதிய இறுதி இராவுணவு மற்றொன்று. அதன் மறைபுள்ளி கிறித்துவின் நெற்றிப்பொட்டருகே உள்ளது. ஓவியமோ சுவரின் உயரத்தில் உள்ளது. எனவே தரையில் நிற்பார் எவரது கண்ணும் உரிய இடத்தில் இருத்தல் இயலாது. ஆயினும், ஓவிய அறை குலைந்து தோன்றவில்லை. கோடுகள் அனைத்தும் கிறித்துவிடம் சென்று சேரும் பயனும் கெடவில்லை.

மூன்றாவது, உரோமை நகரத்துப் புனித இஞ்ஞாசியார் கோயிலின் வளைகூரையில் அந்திரேயா பொட்சோ 1691 முதல் 1694 வரை எழுதியது. கோயிற் சுவர்கள் மேலும் உயர்ந்து வானில் திறப்பதுபோல் தூண்களை அவர் எழுதினார். நிற்கவேண்டிய இடம் தரையில் வட்டக் கல்லாற் குறிக்கப்பட்டுள்ளது. அங்கு நிற்பின், எது கட்டடம், எது ஓவியம் என்று பிரித்தறிதல் அரிது. சிறிது விலகின், தூண்கள் வளைந்து சாய்ந்து விழுவனபோல் தோன்றுகின்றன.

உரிய இடத்தினின்று விலகியும் இலியனார்தோவின் ஓவியம் குலையாதிருப்ப, பொட்சோவின் ஓவியம் குலைவது யாங்ஙனம்? பிரேன் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தக்க விளக்கம் தந்தார். முன்னதில் சுவர் என்னும் தளத்தைக் காண்கின்றோம். அது தட்டையானது என அறிந்து, சாய்வாகக் காண்பதால் நேரும் திரிபை நம் காட்சியறிவு தானே ஈடுசெய்துகொள்கின்றது. பின்னதில் கூரை மிக உயரத்தில் வளைந்துள்ளமையால் தளம் புலனாவதில்லை. ஆதலின் ஈடுசெய்தற்கு வழியில்லை. தளத்தை முற்றும் மறைக்கும் ஓவியம் ஓரிடத்தில் மட்டுமே மெய்யாகின்றது. தளத்தை மறையாத ஓவியம் பலவிடத்தும் ஓவியமாக நிலைக்கின்றது. தட்டையான தளத்தை நாம் மறவாமையே ஆழத் தோற்றத்திற்குக் காப்பாக அமைதல் வியப்பிற்குரியது.

பிறிதொரு நெறி

காண்பானை ஓரிடத்தில் நிறுத்தாத கலைக்கு இம்முறை பொருந்துமா என்பது அடுத்த வினா. சீன ஓவியர் சாங் செதுவான் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆற்றங்கரைக் காட்சிச் சுருள் ஏறத்தாழ 25 செ.மீ. உயரமும் 5 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையது. அதனைக் கையால் சிறிது சிறிதாக விரித்து, வயல், பாலம், கடைத்தெரு என ஒன்றன்பின் ஒன்றாகக் காணவேண்டும். அச்சுருள் முழுமைக்கும் ஒரே மறைபுள்ளி வைப்பின், அதனினின்று நெடுந்தூரம் விலகிய வீடுகள் பெரிதும் திரிந்துவிடும். இணைகோடுகளைப் பெரிதும் இணைகோடுகளாகவே எழுதியமையால், விரிக்கும் இடந்தோறும் காட்சி செவ்விதாக அமைகின்றது. இஃது அறியாமையன்று, நகரும் கண்ணுக்கு ஏற்ற நெறியாகும்.

முடிபு

முதற்கண் கூறிய இரு கொள்கைகளும் இனித் தெளிவாகும். ஓரிடத்தில் நிலைத்த கண்ணுக்குக் கதிர்கள் வரும் நெறியைத் தொலைத்தோற்றம் பிழையின்றிக் காட்டுகின்றது. இஃது ஒளியின் இயல்பும் வடிவக்கணித உண்மையும் ஆகும். மக்கள் கூடி வகுத்த மரபு அன்று. ஆனால், ஓவியத்தை நிலைத்த ஒரு கண்ணுக்காக எழுதவேண்டும் என்பது இயற்கை விதி அன்று. அது கலைஞன் மேற்கொள்ளும் தேர்வு. விதியையும் தேர்வையும் ஒன்றெனக் கொண்டமையே இரு சாராரும் மாறுபடுதற்குக் காரணம். ஆதலின், ஓர் ஓவியத்தில் தொலைத்தோற்றம் உண்டா இல்லையா என்று வினவுதற்கு முன்னர், அவ்வோவியம் காண்பானை எங்கு நிற்கச் செய்கின்றது, நிற்கச் செய்கின்றதா நடக்கச் செய்கின்றதா என்று வினவுதலே முறையான ஆராய்ச்சியாகும்.