அடியெடுத்துக் கொடுத்தால் போதும்

வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் இராப்பத்து என்னும் பத்து நாள் விழா தொடங்கிவிட்டால், ஆயிரங்கால் மண்டபத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு பாசுரம் என்று நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஒலிக்கும். மொத்தம் 1102 பாசுரங்கள். அவற்றைப் பாடும் அரையர் கையில் தாளம் உண்டு, ஏடு கிடையாது.

இவ்வளவும் எப்படி நிற்கிறது? பாதி வேலையைக் கவிதையே செய்துவிடுகிறது. திருவாய்மொழி அந்தாதி. ஒரு பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்தது பிறக்கும். கடைசிப் பாசுரத்தின் முடிவு முதல் பாசுரத்தின் தொடக்கத்தில் போய்ச் சேரும். நுனி கிடைத்தால் போதும், மீதி தானே வரும்.

மூளையில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. காதுக்கு நேர் உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஹிப்போகேம்பஸ். அதன் சிஏ3 பகுதியிலுள்ள நியூரான்கள் தங்களுக்குள்ளேயே நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றாகத் துடித்த செல்களின் இணைப்பு பலப்படும். பிறகு அவற்றில் சில தூண்டப்பட்டாலே மற்றவையும் விழித்துக்கொள்ளும். 2002இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சுசுமு டோனெகாவாவின் குழு, இணைப்பைப் பலப்படுத்த உதவும் என்எம்டிஏ ஏற்பி சிஏ3இல் மட்டும் இல்லாத எலிகளை வளர்த்தது. தொட்டி நீரில் மறைந்திருந்த மேடையை, சுற்றிலும் அடையாளங்கள் முழுதாக இருந்தவரை அவை மற்ற எலிகளைப் போலவே கண்டுபிடித்தன. அடையாளங்களைக் குறைத்ததும் தடுமாறின. அதாவது நினைவு இருந்தது. அடியெடுத்துக் கொடுத்தும் பிடித்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்திலுள்ள டென்டேட் ஜைரஸின் வேலை நேரெதிர்: ஒத்திருப்பவற்றைக் கலக்காமல் பிரித்து வைப்பது. ஒரே சந்தத்தில் வரும் பாசுரங்களில் மூன்றாவதிலிருந்து ஏழாவதுக்கு நாக்கு தாவிவிடாமல் இருக்க அது வேண்டும். திருவரங்கத்தின் வடக்கு உத்திர வீதியையும் வடக்குச் சித்திரை வீதியையும் ஊருக்குப் புதியவர் குழப்பிக்கொள்வதும் இதே சங்கடம்தான்.

2016இல் வெளியான ஓர் ஆய்வு, யஜுர் வேதம் மனப்பாடம் செய்த 21 பண்டிதர்களின் மூளையை ஹரியானாவின் மானேசரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. வலப்பக்க ஹிப்போகேம்பஸில் சாம்பல்நிறப் பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் ஓதி ஓதி வளர்ந்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்தான் ஓத நிலைத்தாரா என்று ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. லண்டன் ஆய்வாளர்கள் கெட்டிக்காரர்கள். டாக்சி உரிமத்துக்காகத் தெருக்களை நெட்டுருப் போட்டவர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் படமெடுத்தார்கள். 2011இல் வந்த முடிவில், தேறியவர்களிடம் மட்டும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. குரு சொல்லத் திரும்பச் சொல்லும் சந்தையைத் தொடங்கும் பிள்ளைகளை இப்போது ஒருமுறை, பத்தாண்டு கழித்து இன்னொருமுறை படமெடுத்தால் இங்கேயும் விடை கிடைத்துவிடும்.