பட்டிப்பொலக் குளிரில் ரோசா

இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி. அந்தக் குளிர் ரோசாவுக்குப் பிடித்தமானதுதான். மலர்ந்த பூ, வெயில் ஊரைவிடக் கூடுதல் நாள் செடியில் நிற்கும். தொல்லை தருவது ஈரம். இலை ஏழு மணி நேரம்போல நனைந்தே கிடந்தால் கரும்புள்ளி நோய் தொற்றிவிடும், மஞ்சளித்துக் கொட்டும். ஆகவே, லயத்து வாசலில் காலை வெயில் விழும் பக்கமாகப் பார்த்துச் செடியை வையுங்கள். தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். வாடிய பூவைக் கிள்ளி எறியாமல், ஐந்திலைக் காம்புக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து புதுத் துளிர் கிளம்பும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைகளுக்கு இதையெல்லாம் சொல்லித்தர வேண்டுமா என்ன!

பக்கத்திலேயே ஹக்கல பூந்தோட்டம் இருக்கிறது. மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்க்க 1861இல் தொடங்கிய இடம், இன்று ரோசாவுக்குப் பேர்போனது. நுவரெலியாப் பக்கம் போகும்போது ஒரு நடை எட்டிப் பாருங்கள், நேயர்களே.