பெயரை ஏன் மீண்டும் மீண்டும் கேட்கிறோம்?

அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்திருப்போரிடமும் அவர்தம் உறவினரிடமும் அடிக்கடி எழும் மனக்குறை ஒன்று உண்டு. "காலையிலிருந்து நான்கு பேர் என் பெயரைக் கேட்டுவிட்டார்கள். எந்தக் காலில் அறுவைச் சிகிச்சை என்றும் என்னிடமே கேட்கிறார்கள். எல்லாம் கோப்பில்தானே எழுதியிருக்கிறது?" கையில் பெயர்ப்பட்டை கட்டியிருக்கும்போது இத்தகைய கேள்விகள் கவனக்குறைவின் அடையாளமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் உங்களைக் காக்கும் முறைகளுள் மிக எளியதும் மிகச் சிறந்ததும் இதுவே. இதன் பின்னணியை நீங்கள் அறிந்திருப்பது நன்று.

பலர் கூடிச் செய்யும் பணி

முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அறுவை மருத்துவர், அவருடைய உதவி மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் செவிலியர், வெளியிலிருந்து பொருள்களைத் தருவிக்கும் செவிலியர், தொழில்நுட்பப் பணியாளர் எனக் கூடத்துக்குள் மட்டும் ஆறு பேரேனும் இருப்பர். வெளியே ரத்த வங்கி, ஆய்வகம், வார்டு என மேலும் பலர் உள்ளனர். ஒவ்வொருவரும் உங்களைப் பற்றி ஏதோ ஒரு செய்தியை அறிந்திருப்பர். எல்லாவற்றையும் ஒருவரே அறிந்திருப்பது அரிது.

ஆபத்து நுழைவது இந்த இடைவெளியில்தான். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை நோயாளி நேற்று இரவும் உட்கொண்டதை வார்டு செவிலியர் அறிவார். முதுகுத் தண்டில் ஊசி செலுத்தவிருக்கும் மயக்கவியல் மருத்துவருக்கு அச்செய்தி எட்டவில்லை என்றால், ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்து தண்டுவடத்தை அழுத்தி, கால்கள் செயலிழக்கவும் கூடும். இங்கே எவருடைய திறமையிலும் குறைவில்லை. ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடையவில்லை, அவ்வளவே.

எட்டு நகரங்களில் ஓர் ஆய்வு

இந்த இடைவெளியை அடைப்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கி, 2008 ஜூன் மாதம் அறிமுகப்படுத்தியது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்த அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே இப்பணிக்குத் தலைமை தாங்கினார். பட்டியலின் பயன் எட்டு நகரங்களில் உள்ள மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. லண்டன், டொராண்டோ, சியாட்டில், ஆக்லாந்து ஆகிய வசதி மிக்க நகரங்களுடன் மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபக்காரா ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இந்தியாவிலிருந்து டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை பங்கேற்றது.

2009 ஜனவரியில் வெளியான முடிவுகள் மருத்துவ உலகை வியக்க வைத்தன. பட்டியலைப் பின்பற்றுவதற்கு முன் நோயாளிகளுள் 11 விழுக்காட்டினருக்குக் கடும் சிக்கல்கள் ஏற்பட்டன; பின்பற்றிய பிறகு அது 7 விழுக்காடாகக் குறைந்தது. இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு தாளும் சில நிமிடங்களுமே பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன.

மூன்று நிறுத்தங்கள்

பட்டியல் மூன்று கட்டங்களில் குழுவினரை நிறுத்திப் பேச வைக்கிறது.

முதல் நிறுத்தம், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன். நோயாளியின் பெயர், சிகிச்சை, உடலின் எப்பகுதி, ஒப்புதல் ஆகியவை நோயாளியின் வாய்மொழியாகவே உறுதி செய்யப்படும். எந்த மருந்துக்கேனும் ஒவ்வாமை உண்டா, மூச்சுக்குழாய் பொருத்துவதில் சிரமம் நேருமா, ரத்த இழப்பு மிகுதியாக இருக்குமா என்பனவும் பார்க்கப்படும்.

இரண்டாம் நிறுத்தம், தோலில் கத்தி படுவதற்கு முன். கூடத்தில் உள்ள அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறுவர். நோயாளி யார், சிகிச்சை என்ன என்பது மீண்டும் உரக்கக் கூறப்படும். கிருமித்தொற்றைத் தடுக்கும் மருந்து கடந்த ஒரு மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டதா என்று கேட்கப்படும். எந்தக் கட்டம் கடினமானது, அப்போது என்ன செய்வது என்றும் பேசப்படும்.

மூன்றாம் நிறுத்தம், நோயாளி கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன். கருவிகள், ஊசிகள், பஞ்சுத் துணிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை சரியாக உள்ளதா, ஆய்வகத்துக்கு அனுப்பும் திசுவின் மீது நோயாளியின் பெயர் ஒட்டப்பட்டதா என்பன சரிபார்க்கப்படும்.

பட்டியல் மட்டும் போதுமா?

போதாது என்பதையும் ஆய்வுகளே காட்டின. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இப்பட்டியலைக் கடைப்பிடிக்கத் தொடங்கின. 2014-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. மாறாக, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 14 மருத்துவமனைகள், பட்டியலைத் தத்தம் சூழலுக்கு ஏற்ப மாற்றியமைத்து, குழுவினரைச் சேர்ந்து பேசப் பழக்கி, பொறுமையாக நடைமுறைப்படுத்தின. அங்கே மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிடுகையில் இறப்பு விகிதம் 22 விழுக்காடு குறைந்தது.

கட்டங்களில் டிக் போடுவது ஒன்று. நின்று, கேட்டு, விடை பெறுவது வேறொன்று. பின்னதே உயிர் காக்கிறது.

சொல்லும் துணிவும் கேட்கும் பண்பும்

இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு எலைன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண்மணி, மூக்கை ஒட்டிய சைனஸ் பகுதியில் ஓர் எளிய அறுவைச் சிகிச்சைக்குச் சென்றார். மயக்க மருந்து கொடுத்தபின் அவரது மூச்சுப்பாதையில் குழாயைப் பொருத்த இயலவில்லை. அனுபவம் மிக்க மூன்று மருத்துவர்கள் தொடர்ந்து முயன்றனர். கழுத்தில் துளையிட்டுச் சுவாசம் அளிப்பதற்கான கருவியை ஒரு செவிலியர் கொண்டுவந்து, அது தயாராக இருப்பதாகக் கூறினார். மருத்துவர்களின் கவனம் முழுவதும் குழாயிலேயே இருந்தமையால் அச்சொல் எடுபடவில்லை. மூளைக்கு நெடுநேரம் ஆக்சிஜன் கிடைக்காமல் போக, 13 நாள்களுக்குப் பின் அவர் காலமானார். அறிவு அந்த அறைக்குள்ளேயே இருந்தது. அது செவிமடுக்கப்படவில்லை.

அவருடைய கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு விமானி. மீனம்பாக்கத்துக்கு அருகில் வாழும் நமக்கு விமானத்தின் ஒலி பழகிய ஒன்று. ஆனால் அதன் ஓட்டுநர் அறையில் பேச்சுக்கு உள்ள இடத்தைப் பலரும் அறியோம். 1977-இல் டெனரீஃப் தீவில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் நிற்கிறதோ என்று பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி ஏற்கவில்லை. அத்தகைய விபத்துகளிலிருந்து பாடம் கற்ற விமானத் துறை, இளையவர் ஐயத்தைத் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் அதனைக் கேட்கவும் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. அதே பயிற்சி மருத்துவத்திலும் வேண்டும் என்று பிரோமிலி எடுத்துரைத்தார். இன்று பல நாடுகளில் மயக்கவியல் பயில்வோர்க்கு அவர் மனைவியின் நிகழ்வு ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

மூத்தவர் முன் வாய் திறவாமை நம் நாட்டில் மரியாதையாகக் கருதப்படுகிறது. "சாருக்குத் தெரியாததா?" என்று இளம் செவிலியர் எண்ணி அமைதி காப்பார். ஆதலால் பேச்சைத் தொடங்கி வைக்கும் கடமை தலைமை ஏற்பவரையே சார்ந்தது. "எண்ணிக்கையில் சிறு ஐயம் இருந்தாலும் சொல்லுங்கள், நான் நிறுத்துகிறேன்" என்று அறுவை மருத்துவர் முதலிலேயே கூறிவிட்டால் அச்சம் அகலும். புதிய இதய அறுவை முறையொன்றைக் கற்ற 16 மருத்துவமனைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் குழுவினர், 2001-இல் வெளியிட்ட முடிவும் இதனோடு ஒத்துப்போகிறது. அனைவரும் தயக்கமின்றிப் பேச இடமளித்த மருத்துவர்களின் குழுக்களே அம்முறையை விரைந்து கற்றன.

நீங்களும் இக்குழுவினரே

கூடத்துக்குள் செல்லும் அனைவரிலும் தம் உடலை நன்கு அறிந்தவர் நோயாளியே. நங்கநல்லூரில் பல இல்லங்களில் மூத்த தம்பதியர் மட்டுமே வாழ்கின்றனர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பர். ஆகவே முன்கூட்டியே சிலவற்றைச் செய்து வைப்பது நன்று.

1. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அட்டையோடும் சீட்டோடும் கொண்டு வாருங்கள். "வெள்ளை நிறச் சிறு மாத்திரை" என்ற விளக்கம் எங்களுக்கு உதவாது. சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி மருந்துகளையும் மறைக்க வேண்டாம்.

2. முன்பு ஏதேனும் மருந்தால் தடிப்போ மூச்சுத் திணறலோ ஏற்பட்டிருந்தால், அம்மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

3. வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால் அதனை முழுமையாகக் கடைப்பிடியுங்கள். "அரை டம்ளர் காபிதானே" என்று எண்ணாதீர்கள். பால் கலந்த காபி வயிற்றில் உணவைப் போன்றே தங்கும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் செல்லலாம். தவறிக் குடித்துவிட்டால் உடனே கூறுங்கள். எவரும் கடிந்துகொள்ளார், சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

4. பெயரைக் கேட்டால் தலையசைக்காமல் முழுப்பெயரை வாய் திறந்து கூறுங்கள். அறுவை நிகழவிருக்கும் பக்கத்தில் மருத்துவர் குறியிட்டாரா என்று பாருங்கள், இல்லையேல் கேளுங்கள்.

5. குடும்பத்தின் சார்பில் ஒருவரை மட்டும் பேசுவதற்கு நியமியுங்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளும் அவர் வழியாகவே கேட்டறிந்தால் செய்தி திரியாது.

6. ஏதேனும் சரியில்லை என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள். அதனால் மருத்துவரின் மனம் புண்படுமோ என்ற கவலை வேண்டாம்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு அந்நாளுக்கான கருப்பொருளே, நோயாளிகளையும் பாதுகாப்புப் பணியில் இணைத்துக்கொள்வது என்பதாகும். அடுத்த முறை ஒரு செவிலியர் உங்கள் பெயரை ஐந்தாம் முறையாகக் கேட்டால் சலிக்காமல் விடை கூறுங்கள். ஒருவேளை எவரும் கேட்காமலே உங்களை உள்ளே அழைத்துச் செல்ல முற்பட்டால், "என் பெயரை இன்னும் கேட்கவில்லையே?" என்று நீங்களே நினைவூட்டுங்கள்.