குரங்கு பிடித்தலும் ஆராய்ச்சி அறமும்

பொலன்னறுவைப் பழநகரின் காட்டிலே, ஈழத்துக்கே உரியதும் உச்சிமயிர் தொப்பிபோல் விரிந்ததுமான குரங்கினத்தை உல்ப்காங் டிட்டஸ் என்னும் அறிஞர் 1968 இல் ஆராயத் தொடங்கினார். முகத்தின் இயற்கைக் குறிகளைக் கொண்டே ஒவ்வொரு குரங்கையும் இனங்கண்டமையால், தாய் எது, குட்டி எது, கூட்டத்தில் உயர்ந்தது எது என்பனவற்றைப் பிடியாமலே அறிய முடிந்தது.

ஆயின், தந்தை எதுவென்பதைக் கண் காட்டாது. அதனைத் துணிய மரபணுச் சான்று வேண்டும். அதற்காகக் குருதி எடுப்பதெனிற் குரங்கைப் பிடித்தேயாதல் வேண்டும்.

பிடித்தலில் இடர் இருபாலார்க்கும் உண்டு. மயக்க ஊசி பட்ட குரங்கு மரத்தினின்று வீழலாம். தாயைப் பிரிந்த குட்டி மடியலாம். மனிதரின் காசநோய் குரங்கைப் பற்றலாம். மனிதர்க்கோ கடியே பெரும் அச்சம். 1932 இல் நியூயோர்க்கில் ஆராய்ச்சிக் குரங்கு கடித்த இளம் மருத்துவர் ஒருவர், குரங்குகளைப் பெரும்பாலும் வருத்தாத வைரசு ஒன்றினால் உயிர் துறந்தார்.

இன்று குரங்கின் மலத்திலிருந்தும் மரபணுவைப் பெறலாம். ஆகவே, பிடிக்குமுன் ஆராய்ச்சியாளர் வினவவேண்டியது, “பிடிக்க இயலுமா?” என்பதன்று, “பிடியாது அறிய இயலாதா?” என்பதே. வேறு வழியின்றிப் பிடித்ததாயின், தாயையும் குட்டியையும் பிரியாது, மயக்கம் முற்றத் தெளிந்தபின், அதன் கூட்டத்திடமே விடுதல் கடன். சீவகாருண்யம் அறிவுக்குத் தடையன்று, அதன் வரம்பு.