தாதியரும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி பேரறிஞர்க்கே உரியது. விடுதியிற் பயிற்சிபெறும் மாணவத் தாதியர்க்கு அதனோடு யாது தொடர்பு என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். இவ்வெண்ணம் பொருந்துவதன்று. 1854ஆம் ஆண்டில் கிரிமியப் போரிற் பணியாற்றச் சென்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், போர்க்காயத்தினும் நோயினாலேயே வீரர் மிகுதியாக மாண்டனர் எனக் கணக்கெடுத்து நிறுவினாரன்றோ?

இனி, நம் வன்னிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டில் போர் முடிவுற்றபின், இடம்பெயர்ந்த வன்னி மக்களின் உளநிலையை ஆராய்ந்து, உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் கட்டுரை வெளியிட்டார். மக்களின் வாய்மொழியும் நேரிற் கண்டவையும் அதற்கு ஆதாரமாயின. தனியாள் மட்டுமன்றிக் குடும்பமும் சமூகமும் ஒருங்கே புண்பட்டமையை அது காட்டிற்று.

செவிமடுத்தலும் உற்றுநோக்கலும் தாதியின் அன்றாடத் தொழில்களல்லவா? உளநலப் பணியிற் பயிலும் மாணவி, ‘இந்நோயாளர் இரவில் ஏன் உறங்குவதில்லை? எது அவருக்கு ஆறுதலளிக்கின்றது?’ என வினவி, முன்னைய ஆய்வுகளைப் படித்து, தாம் கண்டவற்றை ஒழுங்காகக் குறித்துவைப்பாராயின் அதுவே முதற்படியாகும்.

ஆயினும் ஒன்று. பிறர் துயரத்தை ஆய்வுப்பொருளாக்குமுன் அவரது மனமார்ந்த இசைவும் நெறிக்குழுவின் அனுமதியும் வேண்டும், பெயர் மறைக்கப்படவேண்டும். சிற்றூரில் ஒரு பெயர் வெளிப்படின் ஒரு குடும்பமே தலைகுனிய நேரும். வினவும் ஆர்வத்தையும் காக்கும் பொறுப்பையும் பயிற்சிக் காலத்திலேயே பழக்கிவைத்தல் ஆசிரியர் கடனாகும்.