ஒரு வான்கோழி, மூன்று அடுப்புகள்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மாலை, எம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் மிதிவண்டியில் பங்கு இல்லத்திற்கு வந்தார். வண்டியின் கைப்பிடியில் இரு வான்கோழிகள், கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கின. ஒன்று அவர் வீட்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு. மற்றொன்று எனக்கு அவர் அளிக்கும் அன்பளிப்பு. நானும் மகிழ்ச்சியோடு நன்றி கூறி வாங்கிக்கொண்டேன்.

அவ்வேளையில் கோவில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் துடைப்பத்தை வைத்துவிட்டு அருகில் வந்தார். தம் வீட்டுப் புறக்கடையில் வான்கோழி வளர்த்து விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியவர் அவர். ஒன்றும் பேசாமல் இரு பறவைகளின் கட்டையும் அவிழ்த்தார். ஒரு தட்டில் தண்ணீர் கொணர்ந்து வைத்தார். அவை நெடுநேரம் குடித்தன. பிறகு அவர் என்னை நோக்கி, "சாமி, பாலன் பிறந்த நாளுக்குத்தானே இதைக் கொண்டுவந்தாங்க? அதுவரைக்கும் இதுக்கு ஒரு வாய்த் தண்ணி வேண்டாமா?" என்றார்.

பல ஆண்டுகளாக இத்தகைய அன்பளிப்புகளைப் பெற்றவன் நான். படைப்பின் மாண்பைப் பற்றிப் பீடத்தில் நின்று எத்தனையோ முறை மறையுரை ஆற்றியவன். ஆயினும், என் உணவு மேசைக்கு வரும் பறவை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்று ஒரு முறையேனும் நான் உற்று நோக்கியதில்லை. அன்று நாணினேன்.

விழா முடிந்த சில நாட்களில் அதே குடும்பத் தலைவர் மீண்டும் வந்தார். இம்முறை அவர் கையில் அன்பளிப்பு இல்லை; முகத்தில் கவலை இருந்தது. அவ்விரு பறவைகளையும் அவர் வட்டிக்குக் கடன் பெற்று வாங்கியிருந்தார். வீட்டில் உண்போர் ஐவர். குளிர்சாதனப் பெட்டி இல்லை. பறவையில் ஏறத்தாழப் பாதி கெட்டுப்போக, குழியில் கொட்டி மூடிவிட்டார்களாம். கடன் மட்டும் கெடாமல் இருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. உயிருள்ள பறவையை மதியாமல் கொணர்வதும், உயிர் நீத்த பின் அதை வீணாக்குவதும் ஒரே குறையின் இரு முகங்கள். பறவையை மதிக்கும் குடும்பம் அதை வீணாக்காது. வீணாக்காத குடும்பத்திற்கு அது பெருஞ்செலவும் ஆகாது. இதனையே நம் குடும்பங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பறவையை அறிவோம்

மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்றதாக மூதுரை எள்ளும் பறவை வான்கோழி. அந்நூல் குறிக்கும் பறவை எது என்பதை அறிஞர் ஆராயட்டும். இன்று நாம் அப்பெயரால் வழங்கும் பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினரே அதனை முதலில் வீட்டுப் பறவையாக்கினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். 1612இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு வந்து சேர்ந்தது. அதன் விந்தையான தோற்றத்தைக் கண்டு வியந்த பேரரசர், அவை ஓவியர் மன்சூரைக் கொண்டு அதனை வரையச் செய்தார். அவ்வோவியம் இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பேரரசர் வியந்த இப்பறவை இன்று நம் சிற்றூர்ப் புறக்கடைகளிலும் வளர்கிறது. ஆனால், நாட்டுக்கோழியைப் போல் தானே பிழைத்துக்கொள்ளும் என்று இதை விட்டுவிடலாகாது. அடைவைத்த முட்டை பொரிய 28 நாட்கள் ஆகும். கோழிக்கு 21 நாட்களே போதும். பொரித்த குஞ்சுக்குப் பார்வையும் மந்தம், பழக்கமும் மந்தம். தண்ணீர் அருகில் இருந்தும் குடிக்கத் தெரியாமல் மடிந்து போகும் குஞ்சுகள் உண்டு. ஆகவே, வளர்ப்போர் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டுவர். பளபளப்பான கூழாங்கற்களைத் தண்ணீர்த் தட்டில் இடுவர். பச்சை நிறம் குஞ்சுகளைக் கவரும் என்பதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தீவனத்தின்மேல் தூவுவர். முதல் சில வாரங்கள் விளக்கின் வெப்பம் தர வேண்டும். தாய் குழந்தைக்கு ஊட்டுவதைப் போன்றதே இப்பணி. எம் மூதாட்டிக்கு ஏன் அவ்வளவு சினம் வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வளர்ந்த பின் அதே பறவை மிகச் சிக்கனமானது. புல், கீரை, வேலிமசால், கறையான், நத்தை, சமையலறையில் கழிபவை ஆகியவற்றை உண்டு வளரும். பகலில் திரிய இடமும், இரவில் உயரமான, ஈரமற்ற தங்குமிடமும் வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: கோழிகளோடு சேர்த்து வளர்த்தல் நன்றன்று. கோழிக்குப் பெரும்பாலும் பெருந்தீங்கு செய்யாத ஒருவகை நோய்க்கிருமி வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கொன்றுவிடும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நீதிமான் தன் கால்நடைகளின் உயிரையும் பேணுவான் என்பது நீதிமொழிகள் நூலின் 12ஆம் அதிகாரம் கற்பிக்கும் பாடம். விலங்குகளை உணவுக்காகப் பயன்படுத்தத் திருச்சபை நமக்குத் தடை விதிக்கவில்லை. ஆனால், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2418) தெளிவாகக் கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலிலும் இப்போதனையை நினைவூட்டினார். நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. தேவையற்ற வேதனை தரும் முறையில் உயிர்களைக் கொண்டுசெல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஆகவே, பறவை வாங்கச் செல்லும் குடும்பத் தலைவர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். பறவை திரிந்து வளர்ந்ததா? உரிய தடுப்பூசிகள் போடப்பட்டனவா? நோயில்லாத காலத்திலும் மருந்து கலந்த தீவனம் கொடுக்கப்பட்டதா? மூன்றாம் கேள்வி நம் பிள்ளைகளின் நலத்தைத் தொடுவது. வேறு மருந்துகள் பயனளிக்காத கடும் தொற்றுகளுக்கு இறுதி மருந்தாக மருத்துவர்கள் கையாளுவது கொலிஸ்டின். அதனை உணவுக்கென வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுப்பதை 2019இல் நடுவண் அரசு தடைசெய்தது. மருந்தை வீணே பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்பதே காரணம்.

வீட்டிற்குக் கொண்டுவரும்போது காற்றோட்டமுள்ள கூடையில் நிமிர்ந்த நிலையில் வைத்துக் கொண்டுவாருங்கள். கை தேர்ந்தவரைக் கொண்டு, மற்றப் பறவைகள் காணாத இடத்தில், விரைவாக அறுக்கச் செய்யுங்கள். சிறுவர் அதை வேடிக்கையாக்க இடம் தராதீர்கள்.

அயலாரோடு பங்கிடுதல்

இனிச் செலவைப் பார்ப்போம். முழு வான்கோழி ஒரு சிறு குடும்பத்திற்குப் பெரிது. இதற்கு வழி என்ன? விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாஸ்கா ஆட்டுக்குட்டியை முழுதும் உண்ண ஒரு வீட்டில் போதிய ஆள் இல்லையெனில், அடுத்த வீட்டாரோடு சேர்ந்து, ஆட்களின் எண்ணிக்கைக்கும் உண்ணும் அளவுக்கும் ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது இறைவன் தந்த ஒழுங்கு. மீட்பின் இரவிலேயே சிக்கனமும் அயலார் அன்பும் ஒரே பந்தியில் அமர்ந்தன!

உயிரோடு 6 கிலோ எடையுள்ள பறவையை எடுத்துக்கொள்வோம். சுத்தம் செய்தபின் எலும்போடு ஏறத்தாழ நாலரைக் கிலோ தேறும். மூன்று குடும்பங்கள் பங்கிட்டால் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ. ஐவர் உள்ள வீட்டிற்கு அது மூன்று இரவு உணவாகும். விலையைக் கிலோவால் மட்டும் வகுத்துப் பார்த்து மலைக்க வேண்டாம். எத்தனை பேர் எத்தனை வேளை உண்டனர் என்று வகுத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகள் இன்னும் அதிகக் குடும்பங்களாகச் சேர்ந்து வாங்கி, தத்தம் பங்கை அன்றே சமைத்து உண்டுவிடுதல் வேண்டும்.

மூன்று இரவுகளின் உணவு

தோல் நீக்கிய வான்கோழி நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. கொழுப்போ 2 கிராமுக்கும் குறைவு. இத்தகைய நல்ல கறியை எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரித்தால் பறவை தந்த நன்மையை நாமே கெடுத்தவராவோம்.

முதல் இரவு, கால் இறக்கைப் பகுதிகளில் 600 கிராம் கொண்டு குழம்பு. மஞ்சள் தடவிய துண்டுகளை இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கி, வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சீரகம் சேர்த்து, மூடிய சட்டியில் சிறுதீயில் வேகவிடுங்கள். முதிர்ந்த பறவையாயின் ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். குக்கரில் விரைவில் வெந்துவிடும். தேங்காய் ஒரு சில்லு போதும்.

இரண்டாம் இரவு, நெஞ்சுக்கறி 400 கிராமைக் கொத்திச் செய்யும் பொரியல். நிறைய வெங்காயமும், நறுக்கிய அவரைக்காயும், இரு கைப்பிடி முருங்கைக் கீரையும் சேர்த்தால் ஐவருக்குத் தாராளமாக வரும். இக்கறி விரைவில் வறண்டுபோகும். ஆகவே, அரைக் குவளை நீர் தெளித்து மூடி வேகவைத்து, வெந்தவுடன் இறக்குங்கள்.

மூன்றாம் இரவு, எஞ்சிய எலும்பும் கழுத்தும். நம் இசுலாமிய அயலார் விருந்துகளில் சமைக்கும் தால்ச்சா இதற்கு ஏற்றது. எலும்பை வேகவைத்த நீரில் பருப்பையும், கத்தரிக்காய், வாழைக்காயையும் இட்டு, சிறிது புளி கரைத்து ஊற்றினால், கறி குறைந்த அன்றுதான் சுவை மிகுந்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள். காய்ச்சல் கண்டவர் வீட்டில் இருந்தால் அதே எலும்பு நீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இரசமாகக் கொடுக்கலாம்.

பச்சைக் கறியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாட்களே வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமாயின் உறைநிலைப் பகுதியில் வைக்க வேண்டும். மூன்றாம் இரவுக்குரிய எலும்பை அங்கேயே வைத்து, அடுத்த வாரம் சமைத்தாலும் நலமே. கறி நறுக்கிய பலகையிலேயே பச்சைக் காய்களை நறுக்கலாகாது. உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியாதவாறு முழுதும் வேகவேண்டும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பறவைக் கறியும் விலக்கப்பட்ட இறைச்சியே என்பதையும் இல்லத்தரசியர் நினைவிற்கொள்க.

எவர் தட்டில் எது?

சமைத்தாயிற்று. இனிப் பரிமாற வேண்டும். பல வீடுகளுக்கு நான் சென்று அமர்ந்திருக்கிறேன். விருந்தினருக்கும், தந்தைக்கும், ஆண்பிள்ளைகளுக்கும் நல்ல துண்டுகள் செல்லும். தாய் எல்லாரும் உண்டு எழுந்தபின் சட்டியை வழித்து உண்பார். இது தியாகம் என்று நாம் புகழ்ந்துவிடுகிறோம். ஆனால், 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். வான்கோழியின் ஈரலிலும் தொடைக்கறியிலும் நெஞ்சுக்கறியைவிட இரும்புச்சத்து மிகுதி. தந்தையரே, அத்துண்டுகளை உங்கள் கையால் எடுத்து உங்கள் மனைவியின் தட்டிலும் மகளின் தட்டிலும் வையுங்கள். நன்றி மன்றாட்டு சொல்லிய மேசைக்கு அதுவே பொருத்தமான தொடக்கம்.

ஐயாயிரம் பேரை வயிறார உண்பித்த ஆண்டவர், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி சீடரைப் பணித்தார். அப்பத்தைப் பெருக்க வல்லவரே துணுக்குகளைப் பொறுக்கச் சொன்னாரெனில், கடன் வாங்கி விழா கொண்டாடும் நாம் எவ்வளவு கருத்தாய் இருக்க வேண்டும்!

அடுத்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அதே குடும்பத் தலைவர் கடன் வாங்கவில்லை. அவரும் அண்டை வீட்டார் இருவரும் சேர்ந்து எம் மூதாட்டியிடமே ஒரு பறவையை வாங்கினர். அது பின்னிருக்கையில் கட்டிய கூடையில் நிமிர்ந்து அமர்ந்து, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது. பங்கு இல்லத்திற்கு இம்முறை பறவை வரவில்லை. இரவுத் திருப்பலி முடிந்தபின் மூன்று வீடுகளிலிருந்தும் மூன்று சிறு கிண்ணங்கள் வந்தன. மூன்றிலும் ஒரே பறவையின் குழம்பு. ஆயினும் மூன்று கைகளின் சுவை. அன்றிரவு நான் அமைதியோடு உண்டேன்.

உங்கள் இல்லத்து அடுப்பையும், அதனருகே நிற்கும் கைகளையும், உங்களுக்காக உயிர் ஈந்த சிற்றுயிர்களையும் எண்ணி நன்றி கூறுங்கள். எல்லாம் படைத்த இறைவன் உங்கள் குடும்ப மேசையை ஆசீர்வதிப்பாராக.