மூன்று கிராம் நாருக்கு ஒரு கணக்கு

பிரேக் பேட் கலவையில் 100 கிராம் எடுத்துக்கொள்வோம். அடர்த்தி கன செ.மீ.க்கு 2.5 கிராம் என்று வைத்தால் அது 40 கன செ.மீ. அதில் அராமிட் நார், அதாவது கெவ்லார் வகை, 3 கிராம். அதன் அடர்த்தி 1.44. ஆகவே எடையில் 3 சதவீதமான நார், இடத்தில் 5.2 சதவீதத்தைப் பிடிக்கிறது. அதே இடத்தை எஃகு நாரால் (அடர்த்தி 7.8) நிரப்ப 16 கிராம் வேண்டும். கிலோ விலையைப் பார்த்து அராமிட் கட்டாது என்பவர்கள் இந்த 5.4 மடங்கை விட்டுவிடுகிறார்கள். சேர்த்தாலும் எஃகுதான் மலிவு. ஆனால் வித்தியாசம் விலைப்பட்டியல் காட்டும் அளவு இல்லை.

இடம் ஒன்றானாலும் வேலை வேறு. எஃகு நாரின் முனைகள் பேடின் முகத்தில் துருத்தி நிற்கும். தேய்ந்த தூள் அவற்றின்மேல் மோதித் திரண்டு சிறு திட்டுகளாகும். டிஸ்க்கை உண்மையில் பிடிப்பது அந்தத் திட்டுகளே. சூட்டிலும் பிடி நிற்கும். பதிலுக்கு டிஸ்க் அரிபடும், மழையில் துரு ஏறும், வெப்பம் காலிப்பர் வரை கடத்தப்படும். அங்கே இருக்கும் பிரேக் ஆயில் கொதித்துவிடலாம்: ஈரம் ஏறிய டாட் 3 வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 140 டிகிரிதான்.

அராமிட் பிடியைப் பெரிதாகக் கூட்டாது. பஞ்சுபோல் பிரிந்த அதன் இழைகள், அச்சில் அழுத்தும்வரை தூள்கள் பிரியாமல் தாங்கும். பிறகு தேய்மானத்தைக் குறைக்கும். அது சிதைவது 500 டிகிரிக்கு அருகில். அதற்கு முன்பே, 300 டிகிரியைத் தாண்டியதும், பீனாலிக் ரெசின் சிதைந்து வாயு விடும், பிடி நழுவும்.

அந்தச் சூடு எளிதில் வரும். 1,200 கிலோ கார் 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்க 4.6 லட்சம் ஜூல். அதே கார் 1,000 மீட்டர் மலை இறங்க 1.18 கோடி ஜூல்: 25 முறை நிறுத்தியதற்குச் சமம். கியரைக் குறைத்தால் இன்ஜின் ஒரு பங்கை ஏற்கும், மீதி பேடுக்கு.

ஒருகாலத்தில் கல்நார் ஒன்றே போதுமானதாக இருந்தது. பழைய லைனிங்குகளில் எடையில் பாதிவரைகூட அதுதான். மலிவு, சூடு தாங்கும், நுரையீரலைக் கெடுக்கும். அதன் இடத்தை நிரப்ப எந்தத் தனி நாராலும் முடியவில்லை. இரண்டு மூன்றைக் கலக்கிறார்கள். செம்பு நாரும் போகிறது: கலிபோர்னியாவின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 2025 முதல் உச்சவரம்பு 0.5 சதவீதம்.

கடையில் கேட்டால் நார்க் கணக்கைச் சொல்லமாட்டார்கள். பேடில் அச்சிட்ட அமெரிக்க முறை எழுத்துகளைப் பார்க்கலாம்: இ என்றால் உராய்வு எண் 0.25–0.35, எஃப் 0.35–0.45, ஜி 0.45–0.55. முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது சூட்டுக்கு. மலைப்பாதைக்காரர்கள் இரண்டாவதைப் பார்த்து வாங்கட்டும். டிஸ்க் எவ்வளவு அரிபடும் என்பதற்கு எழுத்து கிடையாது.